10 டெஸ்லா கனவு: பூமியின் ஜில் ரூமைக் கட்டிய மனுஷன்!

2024-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரு வேலை நடந்தது. டைட்டானியம் உலோகத்தை 1,600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி ஆவியாக்கினார்கள். அந்த ஆவியின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களை உரித்தெடுத்து, மிச்சத்தை ஒரு துகள் முடுக்கிக்குள் பாய்ச்சி, புளூட்டோனியம் மேல் மோதவிட்டார்கள். 22 நாள் இப்படியே ஓட்டியதில் கிடைத்தது, 116-வது தனிமமான லிவர்மோரியத்தின் 2 அணுக்கள். ஆமாம், ரெண்டே ரெண்டு!

எலெக்ட்ரான்களை உரிக்கிற அந்தக் கருவிக்குப் பெயர் வீனஸ். இந்த மாதிரிக் கருவிகளை அயனி மூலம் என்பார்கள். வீனஸுக்குள் ஒரு வேடிக்கை இருக்கிறது. நடுவில் கொதிக்கிற பிளாஸ்மா. அதிலிருந்து கொஞ்சம் தள்ளி, சுற்றிலும் காந்தச் சுருள்கள். அந்தச் சுருள்கள் இருப்பது மைனஸ் 269 டிகிரியில், திரவ ஹீலியத்துக்குள். அந்தக் குளிர் போனால் காந்தம் போச்சு, காந்தம் போனால் பிளாஸ்மா போச்சு, எல்லாமே போச்சு.

இந்த மைனஸ் 269-ஐ மனிதர்கள் முதன்முதலில் தொட்டது 1908-ல். தொட்டவர் ஹைக்கே காமர்லிங் ஓன்னஸ், நெதர்லாந்துக்காரர். அந்தக் குளிரில் கம்பிகளின் மின்தடை காணாமல் போவதைக் கண்டுபிடித்ததும் அவர் கூட்டம்தான். அதை வைத்து ராட்சத காந்தம் செய்யலாம் என்று கணக்குப் போட்டதும் அவர்தான். அந்தக் காந்தத்தைச் செய்ய முடியாமலே இறந்துபோனதும் அவர்தான்.

செங்கல் சூளை வீட்டுப் பையன்

1853 செப்டம்பர் 21. வடக்கு நெதர்லாந்தின் குரோனிங்கன் ஊரில் பிறந்தார். அப்பா செங்கல் சூளை நடத்தியவர். தம்பி மென்ஸோ பின்னாளில் பேர் வாங்கிய ஓவியர். ஹைக்கே மட்டும் அறிவியல் பக்கம் சாய்ந்தார். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் புன்சன், கிர்ச்சாஃப் என்ற இரண்டு ஜாம்பவான்களிடம் படித்துவிட்டு ஊர் திரும்பி, 1879-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு பூமி சுழல்வதற்கான புதிய நிரூபணங்கள். குளிருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

1882-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனபோது வயது 29. உடம்பு அப்போதிலிருந்தே கொஞ்சம் நோஞ்சான்தான். சேர்ந்த அன்று ஆற்றிய உரையிலேயே தன் வழி என்ன என்று சொல்லிவிட்டார். எதை அறியவேண்டும் என்றாலும் முதலில் அதைச் சரியாக அளக்கவேண்டும், அவ்வளவுதான். அவருடைய ஆய்வகத்துக்கே அது தாரக மந்திரம் ஆகிவிட்டது.

அவருடைய நண்பரான வான் டெர் வால்ஸ், வாயுக்கள் எப்படி திரவம் ஆகின்றன என்று கணிதக் கோட்பாடு எழுதியிருந்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஆசை. சோதிக்கவேண்டும் என்றால் வாயுக்களைத் திரவமாகிற அளவுக்குக் குளிர்விக்கவேண்டும். அதற்கு மெஷின் வேண்டும், பம்ப் வேண்டும், கண்ணாடிக் குழாய் வேண்டும். எதுவும் கடையில் கிடைக்காது.

கிடைக்காதா, நாமே செய்வோம் என்று இறங்கினார். அப்போதைய பேராசிரியர்கள் பெரும்பாலும் தாங்களே ஒரு உதவியாளரோடு உட்கார்ந்து சோதனை செய்பவர்கள். ஓன்னஸோ ஒரு தொழிற்சாலையையே கட்ட ஆரம்பித்தார். 1901-ல் கருவி செய்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கு அடித்தளம் போட்டார். கண்ணாடி ஊதவும், உலோகம் கடையவும் அங்கே பசங்களுக்குப் பயிற்சி. பயிற்சி எடுத்துக்கொண்டே அவருடைய ஆய்வகத்திலும் வேலை பார்ப்பார்கள். நீலக் கோட்டு போட்டதால் ஊரில் அவர்களுக்கு நீலப் பசங்க என்றே பெயர். அந்தப் பள்ளி லைடனில் இன்னைக்கும் நடக்கிறது. கருவிகளைக் கட்டிய மேஸ்திரி ஃப்ளிம், கண்ணாடி ஊதிய கெஸ்ஸல்ரிங். இந்த ரெண்டு பேர் இல்லை என்றால் ஓன்னஸ் இல்லை.

குண்டு வெடிச்சா என்ன பண்றது?

இடையில் ஒரு பெரிய முட்டுக்கட்டை. 1807-ல் லைடன் நடு ஊரில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று வெடித்து, ஒரு பகுதியே தரைமட்டமானது. ஓன்னஸின் ஆய்வகம் நின்றது அந்த இடிபாட்டு நிலத்தில்தான். அதே இடத்தில் ஒரு பேராசிரியர் சிலிண்டர் சிலிண்டராக அழுத்திய வாயுவை அடுக்கி வைத்திருக்கிறார் என்று 1895-ல் ஊருக்குத் தெரிந்ததும் பதறிப்போனார்கள். மனு போனது, அரசு தலையிட்டது, அந்த வேலைகள் நின்றன. கமிட்டி, விசாரணை, கடிதம் என்று இழுத்து, 1898-ல்தான் அனுமதி கிடைத்தது.

இந்த இடைவெளியில் என்ன நடந்தது தெரியுமா? லண்டனில் ஜேம்ஸ் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கிவிட்டார். அதுவும் அதே 1898-ல். நம் வீடுகளில் காபி ஊற்றி வைக்கிற பிளாஸ்க்கின் தாத்தாவைக் கண்டுபிடித்தவர் இந்த டூவர்தான். இதில் கொடுமை, ஓன்னஸுக்கு அனுமதி கொடுங்கள் என்று சிபாரிசுக் கடிதம் எழுதியவர்களில் டூவரும் ஒருவர். போட்டியாளருக்குக் கை கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் போட்டியில் ஜெயித்தும் விட்டார்.

ஓன்னஸ் ஹைட்ரஜனைத் தொட 1906 ஆனது. 8 வருஷம் லேட். ஆனால் டூவரிடம் கிடைத்தது கொஞ்சம் திரவம். ஓன்னஸிடம் இருந்தது மணிக்கு லிட்டர் கணக்கில் ஹைட்ரஜனைத் திரவமாக்கித் தள்ளும் மெஷின். இந்த வித்தியாசம்தான் அடுத்த ரவுண்டை முடிவு செய்தது.

அடுத்த ரவுண்டு ஹீலியம். கடைசியாக மிச்சமிருந்த முரட்டு வாயு. 1868 சூரிய கிரகணத்தின்போதுதான் இதன் மஞ்சள் கோடு முதலில் கண்ணில் பட்டது. அன்று அதைப் பார்த்தவர்களில் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சனும் ஒருவர், மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். பூமியில் ஹீலியம் கைக்குக் கிடைத்தது 1895-ல்தான், அதுவும் துளித்துளியாக. டூவருக்கு ஹீலியம் கிடைப்பதே பெரும்பாடு. அதைக் கைவசம் வைத்திருந்த ராம்சேயோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே சரியில்லை. ஓன்னஸுக்கோ வர்த்தகத் தகவல் அலுவலகத்தில் இருந்த இன்னொரு சகோதரர் அமெரிக்காவிலிருந்து மோனசைட் மணலை மூட்டை மூட்டையாக வரவழைத்துக் கொடுத்தார். அந்த மணலைச் சூடாக்கினால் ஹீலியம் வரும். சொந்தபந்தம் கை கொடுத்த கதை எல்லா ஊரிலும் உண்டுபோல!

1908 ஜூலை 10

காலை 5.45 மணிக்கே வேலை ஆரம்பம். முந்தின நாளே திரவக் காற்று தயார். அதை வைத்து ஹைட்ரஜனைத் திரவமாக்க வேண்டும், அந்த ஹைட்ரஜனை வைத்து ஹீலியத்தைக் குளிர்விக்க வேண்டும். மதியம் 1.30-க்கு 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் ரெடி. சாப்பிடக்கூட நகர முடியவில்லை. மனைவி பெட்ஸி வந்து ரொட்டியை ஊட்டிவிட்டார் என்பார்கள்.

மாலை 4.20-க்கு ஹீலியத்தைச் சுழலவிட்டார்கள். வெப்பமானி இறங்கியது, அப்புறம் ஒரு இடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. கண்ணாடிக் குடுவைக்குள் எதுவும் தெரியவில்லை. கடைசி ஹைட்ரஜனையும் இணைத்தாகிவிட்டது. இதுவும் தீர்ந்தால் அவ்வளவுதான்.

அப்போது வேடிக்கை பார்க்க வந்திருந்த வேறொரு பேராசிரியர், ஸ்ரைனமேக்கர்ஸ், ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். வெப்பமானி நகராமல் நிற்கிறதே, அது ஏற்கெனவே திரவத்துக்குள் மூழ்கியிருந்தால்? குடுவைக்குக் கீழேயிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். கத்தி முனை மாதிரி ஒரு கோடு மின்னியது. திரவத்தின் மேல்மட்டம்! ஹீலியம் அங்கேதான் இருந்திருக்கிறது. கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாத அளவு தெளிவாக இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. அளவு 60 மில்லி. ஒரு டீ கிளாஸுக்கும் குறைவு. வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது மைனஸ் 269.

அதற்குப் பிறகு 15 வருஷம், பூமியில் வேறு எந்த ஆய்வகத்திலும் திரவ ஹீலியம் கிடையாது. உலகத்திலேயே குளிரான இடம் லைடனில் ஒரு அறை.

பாதரசம் செய்த மாயம்

உலோகத்தைக் குளிர்வித்தால் மின்தடை குறையும் என்பது தெரியும். ஒரேயடியாகக் குளிர்வித்தால்? எலெக்ட்ரான்களே உறைந்துபோய் மின்சாரம் நின்றுவிடும் என்பது கெல்வின் பிரபுவின் யூகம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து பூஜ்ஜியத்தை நெருங்கும் என்று வேறு சிலர். பிளாட்டினத்தையும் தங்கத்தையும் போட்டுப் பார்த்தபோது, தடை ஒரு அளவோடு இறங்குவதை நிறுத்திவிட்டது. உலோகத்தில் இருக்கிற அழுக்குதான் காரணம் என்று ஓன்னஸ் நினைத்தார். அழுக்கே இல்லாத உலோகம் வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தால் சுத்தமாகிற ஒரே ஆள் பாதரசம்.

1911 ஏப்ரல் 8. கண்ணாடிக் குழாயில் உறைந்த பாதரசம், அதைச் சுற்றித் திரவ ஹீலியம். குளிரை ஃப்ளிம் பார்த்துக்கொண்டார், வெப்பநிலையை டோர்ஸ்மன். பம்ப் சத்தமும் அதிர்வும் படாத தனி அறையில் மின்தடையை அளந்தவர் கில்ஸ் ஹோல்ஸ்ட். மாலையில் நோட்டில் ஓன்னஸ் பென்சிலால் குறித்துக்கொண்டார், பாதரசத்தின் தடை ஏறக்குறைய பூஜ்ஜியம் என்று. அடுத்தடுத்த மாதங்களில் திரும்பச் செய்தபோது இன்னும் பெரிய ஆச்சர்யம். தடை படிப்படியாக இறங்கவில்லை. 4.2 கெல்வின் பக்கத்தில் சட்டென்று விழுந்தது. யாருடைய யூகத்திலும் இப்படி ஒன்று இல்லை.

கூடவே ஒரு நீலப் பையன் தூங்கிவிட்டதால் தற்செயலாக நடந்தது என்று ஒரு கதை ரொம்ப நாள் சுற்றியது. நூறு வருஷம் கழித்து லைடனில் அந்த நோட்டுகளைப் பொறுமையாகப் படித்தவர்கள், அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மனுஷனின் கையெழுத்து மகா மோசம் என்பது மட்டும் உண்மை! அந்த நோட்டில் இன்னொரு பொக்கிஷமும் இருந்தது. அதே ஏப்ரல் 8-ல், ஹீலியத்தை இன்னும் குளிர்வித்தபோது அது கொதிப்பதைத் திடீரென நிறுத்தியதைக் கவனித்திருக்கிறார்கள். அது மீப்பாய்மம் என்கிற வேறொரு விநோத நிலை. உலகத்துக்கு அது புரிய 1938 ஆனது. ஒரே நாளில் இரண்டு அதிசயங்கள் அந்த அறைக்குள் வந்து நின்றிருக்கின்றன. ஒன்றைத்தான் அடையாளம் கண்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்துகிறது. அளந்தது ஹோல்ஸ்ட். கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் ஓன்னஸ் மட்டும்தான், ஹோல்ஸ்ட்டுக்கு உள்ளே நன்றியோடு சரி. அந்தக் காலத்தில் பேராசிரியர் பெயர்தான் போடுவார்கள் என்று சமாதானம் சொல்லலாம். நோபல் 1913-ல் ஓன்னஸுக்குத் தனியாக வந்தது. ஹோல்ஸ்ட் அடுத்த வருஷம் பிலிப்ஸ் கம்பெனிக்குப் போய் அங்கே புகழ்பெற்ற ஆய்வகத்தைக் கட்டி எழுப்பினார். லைடனின் பழக்கங்களில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுவிட்டார் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கனவு, ஒரே வருஷத்தில் காலி

1912 முடிவதற்குள் ஈயமும் வெள்ளீயமும் இதே வித்தையைக் காட்டின. பாதரசம் மாதிரி இல்லாமல், இதைக் கம்பியாக இழுத்துச் சுருளாகச் சுற்றலாம். ஓன்னஸின் மூளையில் மணி அடித்திருக்கவேண்டும்.

அப்போது பலமான காந்தம் என்றால் தாமிரக் கம்பியில் மின்சாரம் பாய்ச்சவேண்டும். மின்சாரம் ஏற ஏற கம்பி கொதிக்கும். இரும்பே இல்லாமல் 10 டெஸ்லா காந்தம் செய்ய, தாமிரச் சுருளைத் திரவக் காற்றில் குளிர்வித்தால் என்ன செலவாகும் என்று பிரான்ஸில் கணக்குப் போட்டார்கள். ஒரு போர்க்கப்பலின் விலை வந்தது! தடையே இல்லாத ஈயக் கம்பி என்றால் சூடும் இல்லை, அந்தச் செலவும் இல்லை. 1913-ல் சிகாகோவில் நடந்த குளிர்பதன மாநாட்டுக்கு இந்தத் திட்டத்தை அனுப்பினார். கையில் சிக்கி இரண்டே வருஷமான ஒரு விசித்திரத்தை வைத்து 10 டெஸ்லா.

லைடனில் 1,000 சுற்று ஈயச் சுருள் தயாரானது. மின்சாரத்தை ஏற்றினால், நேரான கம்பி தாங்கியதைக்கூட சுருள் தாங்கவில்லை. பாதியிலேயே தடை திரும்பி வந்துவிட்டது. சுற்றும்போது கம்பியில் எங்கோ கோளாறு ஆகியிருக்கும் என்று முதலில் நினைத்தார். 1914-ல் வெளியிலிருந்து காந்தப்புலம் கொடுத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. காந்தப்புலமே இந்த நிலையைக் கொன்றுவிடுகிறது. ஈயத்துக்கு 4.2 கெல்வினில் வெறும் 0.06 டெஸ்லா போதும். உங்க இயர்போனுக்குள் இருக்கிற குட்டி நியோடிமியம் காந்தத்தை ஒட்டிப் போனாலே இதைவிட அதிகம் இருக்கும். காந்தம் செய்யலாம் என்று எடுத்த பொருள், காந்தம் ஆனதுமே செத்துப்போகிறது.

வேறு யாராக இருந்தாலும் நொந்துபோயிருப்பார்கள். ஓன்னஸ் அதே சுருளின் முனைகளை இணைத்து, மின்சாரத்தை உள்ளே ஓடவிட்டு, பேட்டரியைக் கழற்றிவிட்டார். பக்கத்தில் ஒரு திசைகாட்டி. மணிக்கணக்கில் முள் விலகியே நின்றது. பேட்டரி இல்லாமல் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இதைப் பார்த்து அசந்துபோனவர்களில் லைடன் பேராசிரியர் எரன்ஃபெஸ்ட்டும் ஒருவர். பலமான காந்தம் கிடைக்கவில்லை, ஆனால் அணையாத காந்தம் கிடைத்தது.

அதே வருஷம் உலகப்போர் வந்தது. போர் முடிந்த பிறகு, பட்டினியில் கிடந்த நாடுகளின் குழந்தைகளுக்கு உணவு அனுப்பவும், நாடுகளுக்கிடையே முறிந்துபோன விஞ்ஞானிகளின் உறவை ஒட்டவைக்கவும் ஓன்னஸ் ஓடியிருக்கிறார். 1922-ல் கடைசியாக ஒரு முயற்சி, ஹீலியத்தைத் திடப்பொருளாக்க. பம்புகளை வரிசை கட்டி நிறுத்தி 0.83 கெல்வின் வரை இறக்கிவிட்டார். ஹீலியம் உறையவில்லை. குளிர் மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும் என்பதை அவருடைய சீடர் கீசம் 1926-ல் செய்துகாட்டினார். ஓன்னஸ் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

சுத்தம்தான் வில்லன்

அப்புறம் அந்த 10 டெஸ்லா என்ன ஆனது? பதில் அவருடைய ஆய்வகத்திலேயே இருந்தது. 1930-ல் அவருடைய வாரிசான டி ஹாஸும் இன்னொருவரும் ஈயத்தோடு பிஸ்மத்தைக் கலந்த உலோகத்தைச் சோதித்தார்கள். தனி ஈயம் 0.06-ல் கைவிரித்த இடத்தில், கலவை கிட்டத்தட்ட 2 டெஸ்லா வரை தாக்குப்பிடித்தது. சுத்தமான உலோகத்தைத் தேடித்தான் ஓன்னஸ் பாதரசத்தைப் பிடித்தார். காந்தத்துக்குத் தேவைப்பட்டதோ கலப்படம்! ஆனாலும் அந்தக் கலவை போதுமான மின்சாரத்தைத் தாங்கவில்லை. 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த கம்பி, 8.8 டெஸ்லாவுக்குள் நின்றபடி ஏராளமான மின்சாரத்தைச் சுமந்தது. அதற்குப் பிறகு நியோபியம்-டைட்டானியம் வந்து கிடுகிடுவெனப் பரவியது. எம்.ஆர்.ஐ ஸ்கேனில் உங்களைச் சுற்றி இருப்பது அதுதான். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் பெரிய முடுக்கியில் துகள்களை வளைக்கிற 1,232 காந்தங்களிலும் அதுதான், 8.33 டெஸ்லா.

வீனஸிலும் அதே கம்பிதான். முடுக்கியால் மின்னூட்டம் உள்ள துகளைத்தான் தள்ள முடியும். ஒரு அணுவிலிருந்து எவ்வளவு எலெக்ட்ரானை உரிக்கிறோமோ, அவ்வளவு பலமாகத் தள்ளலாம். உரிப்பதற்கு, காந்தத்தால் ஆன ஒரு குடுவைக்குள் எலெக்ட்ரான்களை அடைத்து, மைக்ரோவேவ் கொடுத்துச் சுழற்றுவார்கள். சுழல்கிற எலெக்ட்ரான்கள் அணுக்களை மோதி மோதி உரிக்கும். ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி, எலெக்ட்ரான் சுற்றுகிற வேகத்துக்கு மைக்ரோவேவின் தாளம் பொருந்தவேண்டும். வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ். வீனஸில் 28. அந்தத் தாளத்துக்கு எலெக்ட்ரான் ஆட 1 டெஸ்லா வேண்டும், அவற்றை ஓடவிடாமல் அடைத்துவைக்க ஓரங்களில் 4 டெஸ்லா வரை வேண்டும். தாமிரச் சுருளில் இதைச் செய்தால் கரன்ட் பில் கட்டி மாளாது. அதனால்தான் ஈயத்தில் தோற்ற ஓன்னஸின் சுருள், வேறு உலோகத்தில், அதே 4.2 கெல்வின் ஹீலியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சீனாவின் லான்ஜோவில் 45 கிகாஹெர்ட்ஸில் அடுத்த தலைமுறை அயனி மூலம் ஒன்றை வடிவமைத்தார்கள். அதற்கு நியோபியம்-வெள்ளீயம்.

ஓன்னஸ் இறந்தது 1926 பிப்ரவரி 21. வயது 72. லைடனுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்ஸ்கோட்டனில் அடக்கம். அன்று நடந்ததாக ஒரு சம்பவத்தை, பின்னாளில் லைடனில் படித்த காசிமிர் என்ற இயற்பியலாளர் எழுதிவைத்திருக்கிறார். ஊரில் பிரார்த்தனை நீண்டுவிட்டதால், குதிரை வண்டி நேரத்தைப் பிடிக்க வேகமெடுத்ததாம். பின்னால் நடந்து வந்தவர்கள் ஃப்ளிம் உள்ளிட்ட ஆய்வக டெக்னீஷியன்கள். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக, வேர்த்து விறுவிறுத்து வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டே அவர்களில் ஒருவர் சொல்லியிருக்கிறார், போன பிறகும் இந்தக் கிழவர் நம்மை ஓடவிடுகிறாரே என்று.